எண்பத்தொரு கிலோ

கணவாயை மூடிவிட்டது பனி.
இரண்டு லாரி, ஒரு பஸ்.
ஊரா கிராமத்தின் கடைசி வளைவில் என் கடை.
பதினோரு பேர் அடுப்பைச் சுற்றிக்
காலுறைகளைக் காயப்போட்டபடி
சாப்பிட என்ன இருக்கிறது என்கிறார்கள்.

பக்வீட் மாவு இருக்கிறது.
கசப்பு ரகம்.
வெந்நீர் விட்டுப் பிசைந்து
முழங்கையால் அழுத்தி, மறுபடி அழுத்தி,
விரலில் ஒட்டாத பதம் வந்ததும்
கன்றுக்குட்டி உயர மர அச்சில் அடைத்தேன்.
கீழே கொப்பரை கொதிக்கிறது.
மேலே அழுத்துகட்டை
யாராவது வந்து உட்காரட்டும் என்று
அண்ணாந்து நிற்கிறது.

ஃபுர்பா, அங்கேதான் நீ உட்காருவாய்.
பெர்த்துக்குப் போகுமுன்
ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள்:
எண்பத்தொரு கிலோ.
விசாவுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு
என்று நினைத்திருந்தேன்.

நான் நாற்பத்தாறு.
ஏறி உட்கார்ந்தேன்.
துளைகளில் மாவு எட்டிப் பார்த்தது,
நகக்கண் அளவு.
பார்த்துவிட்டு நின்றுவிட்டது.
செல்டனைத் தூக்கி மடியில் வைத்தேன், பத்தொன்பது.
அவள் குதித்தாள். கட்டை முனகியது.
அரை விரல்.
அரிசி மூட்டையைத் தூக்கி வைத்திருக்கலாம்,
போன வாரமே அதைத் தின்று தீர்த்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுகிறாய்.
அங்கே இரவு ஒன்பது.
பன்னிரண்டு முதியவர்களைக்
கட்டிலிலிருந்து நாற்காலிக்கும்
நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும்
தூக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாய்.
கன்னம் ஒட்டியிருக்கிறது.
"இப்போது எத்தனை?" என்றேன்.
"டாலரா?"
"கிலோ."
சிரித்தாய். அறுபத்தெட்டு.
நானும் செல்டனும் சேர்ந்ததைவிட மூன்றுதான் கூட.
இன்றைக்கே நீ விமானம் ஏறி வந்தாலும்
நூடுல்ஸ் இறங்காது.

"நான் உட்காரட்டுமா அக்கா?"
சிமென்ட் லாரி பென்ஜோர்.
கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.
உன் தொடை தேய்ந்து தேய்ந்து
வழவழப்பான இடம் அது.
ஒரு மூச்சு நேரம் நான் பேசவில்லை.
பிறகு பதினோரு வயிறுகளைப் பார்த்தேன்.
"உட்காருங்கள்."

சாம்பல் நிறத்தில்
மழை கால் இறங்குவதுபோல் இறங்கியது புட்டா.
அவர் எழுந்திருக்கும்முன் கொப்பரை நிறைந்துவிட்டது.

நான் வாணலிக்கு ஓடினேன்.
கடுகெண்ணெய் புகை விடும்வரை பொறுத்து
கைப்பிடி காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு,
வெங்காயத்தாள், பூண்டு, உடைத்த நான்கு முட்டை,
இடித்த திங்கே மிளகு,
நூடுல்ஸ் வெந்த தண்ணீரில் இரண்டு கரண்டி.
குழம்பு சளசளத்தது.
பதினோரு பேரும் ஒன்றாக இருமினார்கள்,
பஸ்ஸில் வந்த துறவி மட்டும் கொஞ்சம் தாமதமாக.

முதல் வாயில் சூடு.
அடுத்து காரம்.
அப்புறம் நாக்கு இருக்கிறதா என்றே சந்தேகம்.
கசப்பு கடைசியில்தான் வந்தது, அவசரப்படாமல்,
அது வந்த பிறகுதான்
யார் எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

உப்பு டப்பாவில் சாய்த்துவைத்த போனில்
ஆவி பட்டு நீ மங்கினாய்.
துடைத்தேன். மறுபடி மங்கினாய்.
"யார் உட்கார்ந்தது?" என்று
வெகுநேரம் கழித்துக் கேட்டாய்.
"சிமென்ட்" என்றேன்.
உனக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

மூன்றாம் நாள் பாதை திறந்தது.
சாப்பாட்டுக் காசுக்குப் பதிலாக
மூலை கிழிந்த ஒரு மூட்டையை
இறக்கி வைத்துவிட்டுப் போனார் பென்ஜோர்.
ஐம்பது கிலோ.
கட்டையின் மேல் கட்டி
உன் பழைய சால்வையைப் போர்த்தியிருக்கிறேன்,
ஈரம் பட்டால் இறுகிவிடும்.

செல்டன் அதற்குக் கரியால் இரண்டு கண் வரைந்திருக்கிறாள்.
மூக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.
மிளகாய் தாளிக்கும்போது தும்மும்.