மகஜர்

வாலிநோக்கம். தை நான்கு. காலை ஏழேகால்.
பாசி எடுக்கப் போன பூமயில்
முழங்கால் தண்ணீரில் முட்டிக்கொண்ட பொருள்
கீழ்க்கண்டவாறு:

உருளை. ஓர் ஆள் கட்டிப்பிடித்தால்
விரல்கள் தொட்டுக்கொள்ளாத பருமன்.
கறுப்பு நார் சுற்றிய உடம்பு, ஒரு பக்கம்
தீய்ந்த அடைபோல் உரிந்திருக்கிறது.
எழுத்து ஏதோ இருந்திருக்கிறது.
அதன்மேல் இப்போது கொட்டலசு.

குண்டு என்றார்கள் முதலில்.
போலீஸ் வந்து கயிறு கட்டியது.
கயிற்றுக்கு வெளியே நின்று
பாதி ஊர் செல்ஃபி எடுத்தது.
நான் கிராம நிர்வாக அலுவலர்.
கடலுக்குள் போனவற்றுக்குப் படிவம் உண்டு,
வானத்திலிருந்து வந்ததற்கு இல்லை.
மாடு காணாமல் போனதற்கான தாளைத் திருப்பிப்
பின்பக்கம் எழுதினேன்.

பதினொரு மணிக்கு மகேந்திரகிரி ஜீப்.
இறங்கியவர் திலகநாயகி, விஞ்ஞானி.
கண்ணாடியில் உப்பைத் துடைத்துத் துடைத்துப் பேசினார்.
ராக்கெட்டின் வாயுக் கலன்.
எந்த நாடு என்பது பிறகுதான் தெரியும்.
இது விழுந்துவிட்டது, யார் தலையிலும் இல்லை, புண்ணியம்.
விழாமல் சுற்றுவதுதான் பிரச்சினை.
இங்கே கிளம்பினால்
பன்னிரண்டு எண்ணுவதற்குள் தனுஷ்கோடி.
அந்த வேகத்தில் ஒரு பெயின்ட் செதில் போதும்
ஜன்னலைக் கொத்த.
ஒன்று இன்னொன்றில் மோதி நூறாகும்,
நூறும் சும்மா இருக்காது.

"அப்ப அது அறுந்த வலை" என்றார் அருளாந்து.
போன மாதம் பார்மேல் சிக்கிய நைலான் வலைகளை
முங்கி முங்கி எடுத்தவர்.
ஆள் விட்டுப் போனது வலைக்குத் தெரியாது,
அதுபாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும்:
ஓர் ஆமை, ஆமையைத் தின்ன வந்த நண்டு,
நண்டைத் தேடி வந்த களவா.
"எங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவுன்னு குடுத்தாங்க.
மேல இருக்கிறதுக்குக் கிலோ எவ்வளவு?"

திலகநாயகி சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
வலை வீசிப் பார்த்திருக்கிறார்கள் என்றார்.
எறியீட்டி. காந்தம்.
கை நீட்டிப் பற்றுகிற இயந்திரம்
வரப்போகிறது, வந்துகொண்டே இருக்கிறது.
பிடித்துக் கீழே இழுத்துக் காற்றிலேயே எரித்துவிடலாம்.
ஆனால் ஒன்றைப் பிடிக்க ஒன்றை அனுப்ப வேண்டும்.
அதோடு, செத்த செயற்கைக்கோளையும்
சொந்தக்காரர் சொல்லாமல் தொடக்கூடாது.

"அள்ளிட்டுப் போக ஆள் வராது,
தொட்டா மட்டும் வரும்."
இது பூமயில். சேலையைப் பிழிந்துகொண்டே.

தராசு கொண்டுவந்தவர் ஹமீது சுல்தான்,
பழைய இரும்புக் கடை.
இங்கே கப்பல் உடைத்த காலத்தில் வெட்டுக்காரர்,
முன்கை முழுக்கப் பொறி தெறித்த தழும்பு.
"செத்த கப்பலுக்குக் கரை இருந்துச்சும்மா.
பெருந்தண்ணி பாத்து
முழு வேகத்துல கொண்டாந்து ஏத்துவாங்க.
மண்ணு பிடிச்சுக்கும். அப்புறம் எங்க பாடு.
அங்க எதுல ஏத்துறது?"

வாடைக் காற்று
போலீஸ் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தது.

எடை நாற்பத்தாறு கிலோ, நண்டு உட்பட.
கலனின் வாய்க்குள் குடியிருந்தது அது.
தூக்கும்போதுதான் வெளியே வந்து
கொடுக்கை விரித்தது.
குச்சியால் தள்ளித் தண்ணீரில் விட்டாள் பூமயில்,
விட்ட இடத்திலிருந்து நேராக
உருளைக்கே திரும்பி வந்தது. இரண்டு முறை.
உரிமை கோரியவர் என்ற இடத்தில்
நண்டு என்று எழுதி
அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது.

அன்று அந்தியில் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது
ஒரு புள்ளி நகர்ந்தது, அவசரமில்லாததுபோல.
எண்ணத் தொடங்கினேன்.
ஒன்பதில் இருட்டுக்குள் போய்விட்டது.
பன்னிரண்டு வரை எண்ணி முடித்தேன்.

சாட்சிகள் நால்வர் கையொப்பம் இட்டாயிற்று.
பொருள் லாரியில் போயிற்று.
எடைக்கூலி இருபது ரூபாய் பாக்கி.
ஹமீது சுல்தான் ரசீதுப் புத்தகத்தோடு வந்து
அலுவலக வாசலில் நிற்கிறார்,
யார் பேரில் எழுதுவது என்று.