பதினோராவது படி

ராம்பூர் சிவில் கோர்ட்டில் அமீன் வேலை எனக்கு.
டேப்பின் மறுமுனை பிடிக்கும் பையனுக்கு
அன்றைக்கு அம்மை.
ஆகவே வாதியே ஒரு முனையைப் பிடித்தார்,
பிரதிவாதி இன்னொன்றை.
நடுவில் நான், பென்சிலும் நோட்டுமாக.

வாதி லதாஃபத் கான், வயது எழுபத்திரண்டு.
பிரதிவாதி குத்சியா, தையல் வேலை.
இறந்துபோன தம்பி ரியாசத்
தன் பாதி வீட்டை இவளுக்குத் தானமாக எழுதினார்.
எந்தப் பாதி என்று எழுதவில்லை.
மூன்று வயதில் தூக்கிவந்து வளர்த்தவளைப்
பத்திரத்தில் ‘எனக்கு வேண்டியவள்’ என்கிறார்.
வேறு சொல் தேடிப் பார்த்திருப்பார்,
மசி திட்டாய் ஊறியிருக்கிறது அந்த இடத்தில்.

பிரித்துக் காட்டாத பங்கைத் தந்தால்
தானம் செல்லாது என்கிறார் ஒரு வக்கீல்.
பிரிக்கவே முடியாத பொருளென்றால்
செல்லும் என்கிறார் மற்றவர்.
இரண்டுக்கும் இடமுண்டு பழைய புத்தகங்களில்.
முடியுமா என்று பார்த்துவா என
நீதிபதி என்னை அனுப்பினார்.

முற்றம் முப்பத்தோரடி நாலங்குலம். பிரியும்.
கொய்யா கொஞ்சம் அடம்பிடிக்கும்:
வேர் இவர் பக்கம், காய்ப்பது அவள் பக்கம்.
“இழுத்துப் பிடிங்க, படே அப்பா.”
“நீ தளர்த்தாதே.”
வழக்குப் போட்ட நாலு வருஷத்தில்
இதுதான் முதல் பேச்சாம்,
சமையற்கட்டு ஜன்னலில் மருமகள் கிசுகிசுத்தாள்.

படிக்கட்டு, அகலம் இரண்டடி ஏழங்குலம்.
ஆளுக்குப் பதினைந்தரை.
ஒருக்களித்து ஏறிப் பார்த்தேன்,
சுவர்ச் சுண்ணாம்பு பாதி என் சட்டையில்.
கரண்ட் இல்லை.
முன்னால் குத்சியா, பின்னால் பெரியவர்.
பத்தாம் படியிலிருந்து
அவள் பன்னிரண்டுக்குப் போய்விட்டாள்.
நான் பதினொன்றில் கால் வைத்தேன்.
செங்கல் பெயர்ந்து முழங்காலில் அடி.

“சொல்லியிருக்கலாமே!”

இதையெல்லாமா சொல்வார்கள் என்பதுபோல
இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
கண்புரை விழுந்த மனிதர்
இருட்டில் எண்ணாமலே தாண்டி வந்தார்.

இருபது வருஷமாய் உடைந்த படி.
கொத்தனார் கூலியில் பாதியை
அண்ணனிடம் கேட்கக் கூச்சப்பட்டே
ரியாசத் அதை அப்படியே விட்டாராம்.
வீட்டைத் தரக் கூச்சப்படவில்லை.

அனுபோகம் யாருடையது?
படிவத்தில் நான்காம் கேள்வி,
பதிலுக்கு ஒரே வரி.
படிக்கட்டு பிரிக்கத் தக்கதல்ல என்று எழுதினேன்.
கீழே இன்னொன்றும் எழுதி
அடித்தேன்,
படிக்க முடிகிற மாதிரி அடித்தேன்.
எங்கள் நீதிபதி
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்.

வாய்தா அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

டேப்பைச் சுருட்டும்போது
யாரோ முனையை முந்தி விட்டார்கள்.
கட்டைவிரலில் கோடு இருக்கிறது இன்னும்.
யார் என்று கேட்கவில்லை.