இருந்து

கரடிப்போக்குச் சந்தி, கோழிக்கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு பின்னேரம் மூண்டு மணி.
டிலக்சனா மிஸ் வெள்ளைப் பலகையில்
நேரா ஒரு கோடு இழுக்கிறா.
இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஓர் அம்புக்குறி.
"இதுதான் பிறசன்ற் பேர்ஃபெக்ற் கொன்ரினியூஸ்.
எப்பவோ தொடங்கினது,
இன்னும் நடந்துகொண்டு இருக்கிறது."
கீழே ஒரு கோழி கத்தி, நிண்டது.
"அது சிம்பிள் பாஸ்ற், மிஸ்"
எண்டான் பின்வாங்குப் பெடியன்.

வகுப்பில் வயது கூடினது நான்தான்.
மிஸ்ஸுக்கு இருபத்திமூண்டு, எனக்கு நாப்பத்தொண்டு.
செக்சன் லீடர் ஆகவேணுமெண்டால்
வெள்ளைக்காரருக்கு முன்னால்
பத்து நிமிசம் கதைக்கவேணும்.
போனமுறை கேட்டவர்:
ஹவ் லோங் ஹாவ் யூ பீன் டூயிங் திஸ் வேர்க்?
நான் "யெஸ்" எண்டன்.

ஃபோருக்குப் பின்னால் எண்ணிக்கை,
சின்ஸுக்குப் பின்னால் தொடங்கின நாள்.
தமிழில் எனக்கு ஒரு 'ஆ' போதும்:
ஒன்பது வருசமா கண்ணிவெடி எடுக்கிறன்.
சின்ஸ் எண்டால் 'இருந்து' எண்டா மிஸ்.
பீன் எண்டால்? அதுவும் 'இருந்து' மாதிரித்தான்.
கொப்பியில் எழுதிப் பார்த்தன்:
காலையில் இருந்து மழை பெய்துகொண்டு இருக்கு.
ஒரேயொரு கதிரையைப் போட்டு
காலம் முழுக்க அதில இருத்தி வைச்சிருக்கு
எங்கட பாசை.

திங்கள். ஒட்டுசுட்டானுக்கு அங்கால, காடு.
முகக்கவசத்துக்குள்ள என்ர மூச்சு எனக்கே புழுக்கம்.
ஆறரைக்கு முழங்கால் ஊண்டினது.
சிவப்புத் தடிக்கும் சிவப்புத் தடிக்கும் இடையில
ஒரு மீற்றர் நிலம்.
ஐ ஹாவ் பீன் நீலிங் சின்ஸ் சிக்ஸ் தேர்ட்டி,
வாய்க்குள்ள சொல்லிச் சொல்லி
மண்ணைச் சுரண்டுறன்.
பத்து நாப்பதுக்குக் கருவி கத்தினது.
சப்பாத்துப் பொலிஷ் டப்பி அளவு,
மண்ணிறம்.
பாலை வேர் ஒண்டு நேராய் வந்து
அதுக்குக் கிட்ட வந்தவுடன
விலகி, வளைஞ்சு, அங்கால போயிருக்கு.

அடுத்த ஞாயிறு வசனம் எழுதச் சொன்னா:
இற் ஹாஸ் பீன் வெயிற்றிங் ஃபோர் மீ
சின்ஸ் ரூ தௌசண்ட் எய்ற்.
மிஸ் சிவப்புப் பேனையால் வெட்டினா.
"உயிரில்லாதது காத்திருக்காது அக்கா.
லையிங் எண்டு போடுங்கோ. கிடக்குது."
மாத்தினன். புள்ளி வேணுமே.
லையிங் எண்டால் பொய் சொல்லுறதும்தானாம்,
பிறகு சொன்னா.
அப்ப அதுவே இருக்கட்டும்.

இன்னொரு பயன்பாடும் இருக்கு:
வேலை இப்பத்தான் முடிஞ்சது,
அடையாளம் மட்டும் மிச்சம்.
றோட்டு ஈரம்: இற் ஹாஸ் பீன் றெயினிங்.
கண் சிவப்பு: ஷீ ஹாஸ் பீன் கிரையிங்.
என்ர முழங்காலைக் காட்டி ஒரு வசனம் கேட்டா.
எல்லாரும் ஒரே குரலில் சொல்லிச்சினம்.

பின்வாங்குப் பெடியன் கை உயர்த்தினான்.
இந்தமுறை பகிடி இல்லை.
"ஹீ ஹாஸ் பீன் மிஸ்ஸிங் எண்டு
அப்பாட ஃபோமில் கிடக்கு மிஸ்.
அதுவும் இதுதானே?"
"பார்க்க அப்பிடித்தான் இருக்கும்.
ஆனா அங்க மிஸ்ஸிங் வினை இல்லை.
அவர் ஒண்டும் செய்யேல்லை,
அது அவற்ர நிலை."
"அப்ப செய்தது ஆர் மிஸ்?"
டிலக்சனா மிஸ் அழிப்பானை எடுத்தா.
கோட்டை அழிச்சா. புள்ளி வடிவா அழியேல்லை.

நேர்முகம் வெள்ளிக்கிழமை.
வெள்ளைக்காரர் அதே கேள்வி.
ஐ ஹாவ் பீன் டூயிங் திஸ் வேர்க் ஃபோர் நைன் இயர்ஸ்.
ஒரு எழுத்துப் பிழையில்லை.
அவர் சிரிச்சு, பேனையை வைச்சுட்டு,
கதையோட கதையா இன்னொண்டு கேட்டார்:
அன்ட் வென் வில் இற் ஃபினிஷ்?

அது வேற காலம்.
அந்தப் பாடம் மிஸ் இன்னும் தொடங்கேல்லை எண்டு
தமிழில் சொன்னன்.