கேட் போட்டிருக்கு

காய்ச்சல் போய் நாற்பத்தாறு நாள்.
போனது காய்ச்சல் மட்டும்.

இரத்தப் பரிசோதனைத் தாளை
இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்
கிளை மேலாளர்.
"எல்லாம் நார்மல்னு போட்டிருக்கே, அமலதாஸ்.
லைட் டூட்டி எதுக்கு?"
போட்டிருக்கிறதுதான்.
முழங்காலுக்குக் கீழே இருப்பதை
எந்த ஊசியும் உறிஞ்சி எடுத்துப் பார்க்கவில்லை.

முதல் ட்ரிப் ஐந்து நாற்பது,
தஞ்சாவூர் – திருவாரூர்.
பத்தொன்பது வருடமாக ஏறுகிறேன்,
பஸ்ஸுக்குப் படி இருப்பதே
இப்போதுதான் தெரிகிறது.
கம்பியைப் பிடித்து
வலது காலைக் கையால் தூக்கி வைத்து
இடது கால் வருமா என்று நிற்கிறேன்,
கடன் கேட்கப் போன வீட்டு வாசலில்
நிற்கிற மாதிரி.

வீட்டில் ரெஜினா
வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப் வைக்கிறாள்.
இதுவரை எத்தனை ஆடு நடந்திருக்கும் எனக்குள்.
ஒன்றாவது வாசல்வரை வந்திருக்கலாம்.

சாலியமங்கலத்தில் கூட்டம் ஏறும்.
அம்மாப்பேட்டைவரை தாங்கும்.
அப்புறம் இரண்டு காலும் நனைந்த சாக்கு.
சீட்டுக் கம்பியில் இடுப்பைக் கொடுத்து
டிக்கெட் கிழிக்கும்போது
ஒருவர் கேட்டார்:
"என்ன கண்டக்டரே, காலைலயே போட்டாச்சா?"
வெற்றிலைகூடப் போடாதவன் நான்.
சிரித்து வைத்தேன்.
விளக்கம் சொல்லவும் தெம்பு வேண்டும்.

ஜன்னலோரம் ஒரு அம்மா
போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்:
"மேட்டூர்ல தொறந்து பதினெட்டு நாளாச்சு.
கல்லணையும் தொறந்தாச்சு.
மூணாறு தலைப்புல ஓடுறத நானே பாத்தேன்.
எங்க வாய்க்கால்ல ஒரு தவளை நனையல இன்னும்.
கடைமடைன்னா கேக்க ஆளில்ல."

எட்டு ரூபாய் மீதி தரவேண்டும் அவளுக்கு.
தராமல் நின்றுவிட்டேன்.
மூன்று டாக்டரிடம் போனேன்,
ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

நீடாமங்கலம்.
கேட் போட்டிருக்கு.
பஸ் முழுக்க ஒரே "ச்சே".
டிரைவர் வேம்பையன் எஞ்சினை அணைத்தார்.
நான் பின்படியில் உட்கார்ந்தேன்.

ஊரே சாபமிடுகிற கேட் இது.
எனக்கு இதுதான் ஒரு நாளின் நல்ல நேரம்.
நெல் லாரி நிற்கிறது, பால் வண்டி நிற்கிறது,
ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து
ஒரு வெள்ளைக் காரும் நிற்கிறது.
எல்லாரும் என் வேகத்தில்.

கூட்ஸ் வந்தது.
ஒரு வேகனுக்கு ஒரு தரம்
குதிகாலைத் தூக்கி இறக்கினேன்.
பிசியோதெரபிப் பெண் பத்து போதும் என்றாள்.
பதினாலில் தொடை நடுங்கியது.
பதினேழில் நிறுத்திக்கொண்டேன்.
ரயில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கேட் தூக்கினார்கள்.
விசில் ஊதணும், எழுந்திருக்கணும்.
ஒரு தரம் பார்த்தேன். இன்னொரு தரம்.
முதுகுக்குப் பின்னால் குரல்:
"தம்பி, நான் இங்கயே எறங்கிக்கறேன்.
மீதி எட்டு ரூவா?"
கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டேன்.