விடுபட்ட எழுத்துகள்

கீலுங்கில் மழை இல்லாத நாள்களைத்தான்
தேதி போட்டு நினைவு வைத்துக்கொள்வோம்.
முடிவு வந்த நாள் அப்படி ஒன்று.
வெயிலில் துறைமுகத்துக் கப்பல்களுக்கே
என்ன செய்வதென்று தெரியவில்லை.

மருத்துவர் காவோ பேனா முனையால்
தாளில் ஒரு வரியைத் தொட்டார்.
கட்டியின் மரபணுவில்
பத்தொன்பது என்று எண்ணிட்ட துண்டில்
பதினைந்து எழுத்துகள் இல்லையாம்.
"எங்கே தவறவிட்டேன்?"
என்று கேட்டாள் யுவே-ஷியா.

அவளுக்கு அது தொழில் கேள்வி.
பேருந்துப் பணிமனையில்
தவறவிட்ட பொருள்களின் அறையில் பதினெட்டு வருடம்.
குடைகள், குடைகள், ஒற்றைக் கையுறை,
ஒருமுறை முழுப் பல்செட்டு,
ஒருமுறை டிபன் டப்பாவில் உயிரோடு ஓர் ஆமை.
எதுவானாலும் சீட்டு எழுதி நூலில் கட்டுவாள்:
தடம் எண், இருக்கை, நேரம்.
ஆமைக்கும் கட்டினாள்.

புகைத்தவன் நான்.
முப்பத்தோரு வருடம், பால்கனியில்,
கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு.
(சாத்தினேன். பெரும்பாலும் சாத்தினேன்.)
"ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லையே இவள்"
என்று அவளைப் பார்த்துச் சொன்ன அவள் அக்கா
சொல்லி முடித்தபோது பார்த்தது என்னை.
இந்த வகை, புகைக்காதவர்களுக்கும் வரும்,
உங்களால்தான் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.
சொல்ல முடியாது.
பாக்கெட் இருந்த சட்டைப் பையில் இப்போது
அந்த இரண்டு சொற்கள்.

காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை.
ஞாயிறும் ஏழு, புத்தாண்டும் ஏழு.
மூன்றாம் வாரம்
எங்கள் தெருவின் நூற்றுப் பதினான்கு படிகளையும் ஏறி
மேலே நின்று
எனக்காகக் காத்திருந்தாள்.
நான் பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்று
இளைப்பதுபோல் கொஞ்சம் அழுதேன்.

அது சும்மா கொடுக்கவில்லை.
முகத்தில் பதினாறு வயதுப் பருக்கள்.
நகக்கண் பழுத்து, பொத்தான் போட நான்.
தைபே போகும் ரயிலில்
எந்தப் பெட்டியில் கழிவறை என்பது மனப்பாடம்.
ஒருநாள் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு
"சோப்புத் தின்பதுபோல் இருக்கிறது, நீயே தின்"
என்று கத்தினாள். தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பிறகு இமைமயிர்.
நீண்டு, சுருண்டு, கண்ணுக்குள்ளேயே திரும்பிக் குத்தும்.
பணிமனைப் பெண்கள்
என்ன மை போடுகிறாய் என்று கேட்டார்களாம்.
"விலை அதிகம், அரசாங்கம் வாங்கித் தருகிறது" என்றாளாம்.
பத்து நாளுக்கு ஒருமுறை
மூக்குமயிர் வெட்டும் சின்னக் கத்தரியால்
நான்தான் நறுக்கிவிடுவேன்.
கல்யாணமான புதிதில்கூட
அவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்களைப் பார்த்ததில்லை.
இடது கண்ணில் தேயிலைத் துணுக்குபோல் ஒரு புள்ளி.

மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.
அதற்கு முந்தைய வாரம் வீட்டில்
எல்லோரும் மரியாதையாகப் பேசிக்கொள்வோம்.
காத்திருப்பு நாற்காலியில் எப்போதும் எங்களுக்கு முன்னால்
திரு. ஃபூ இருப்பார், உரித்த கொய்யாவோடு.
"நாலு வருடம், இதே மாத்திரை" என்று விரல் மடக்குவார்.
போன முறை அந்த நாற்காலியில் ஒரு பை இருந்தது.
யுவே-ஷியா அதை எடுத்துக் கவுன்டரில் கொடுத்துவிட்டு,
கொடுத்த நேரத்தைக் கேட்டு எழுத வைத்தாள்.

இருபத்துமூன்றாம் மாதம்.
வலப்பக்கம், கீழே, அரிசி அளவு.
மருந்துக்கு வழி மறித்து
வேறோர் எழுத்து மாறியிருக்கலாம்,
மறுபடி ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும்.
பத்து வேலை நாள்.
அதுவரை அதே மாத்திரை, அதே ஏழு மணி.

நேற்றிரவு விளக்கடியில் முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.
"அசையாதே" என்றேன்.
"மூச்சு விடலாமா?"
"விடு."
செய்தித்தாளில் விழுந்த கறுப்புப் பிறைகளை
விரல் நுனியில் ஒற்றி எடுத்து
எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு தாளைச் சுருட்டினாள்.
"நாளைக்கு மழையாம்" என்றாள்,
"நிறையக் குடை வரும்.
நூல் தீர்ந்துவிட்டது, ஞாபகப்படுத்து."