கால் சுற்று

மூன்று மாத வாடகை பாக்கி.
ஷினெபாயர் புசானுக்குக் கம்பி நீட்டிவிட்டான்.
ஆறு கம்பிகளை மட்டும் விட்டுப் போயிருந்தான்
கட்டிலுக்கடியில்,
பீர் வட்டம் பதிந்த ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரின் மேல்.

விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

எனக்குக் கம்பி புதிதில்லை.
உலான்பாத்தர் தெருக்களில் டிராலிபஸ் ஓட
தலைக்குமேல் கம்பி இழுத்துக் கட்டுகிறவள் நான்.
பதினாறு குளிர்காலம்.
மைனஸ் முப்பத்தைந்தில் செம்பு சுருங்கும்,
கோடையில் தொய்யும்.
எத்தனை எடை தொங்கவிட்டால்
எவ்வளவு விறைக்கும் என்று
கையுறை கழற்றாமலே சொல்வேன்.

அந்தத் திமிரில்தான்
முதல் நாளே மெல்லிய கம்பியை அறுத்தேன்.
கன்னத்தில் ஒரு கோடு.
பணிமனையில் கேட்டவர்களிடம் பூனை என்றேன்.
என்னிடம் பூனை இல்லை என்பது
அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஹீட்டர் குழாய் இரவு பகலாய்க் கொதித்ததில்
மரம் வற்றிவிட்டது.
வற்றத் தெரியாத ஃப்ரெட் முனைகள்
கழுத்தோரம் பிதுங்கி
மீன்முள்ளாய்க் கையைக் கீறின.
முதல் கட்டங்களில் எதைத் தொட்டாலும்
டப்பாவில் அடைபட்ட ஈ.

சந்தைக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் கடை.
நோமின், இருபத்து மூன்று வயது, காதில் பென்சில்.
துப்பாக்கியைப் போலக் கிட்டாரைத் தூக்கி
ஒற்றைக் கண்ணால் கழுத்து நெடுகப் பார்த்தாள்.
"ரொம்ப நிமிர்ந்து நிக்குது.
கொஞ்சம் குனியணும்.
கம்பி அசைய இடம் வேண்டாமா?"

அறுகோணச் சாவி உள்ளே போனது.
கால் சுற்று.
இறுக்கவில்லை, தளர்த்தினாள்.
ஃப்ரெட் முனைகளை அரத்தால் தேய்த்தாள்.
வெள்ளித்தூள் உப்புத் தேநீரில் விழுந்தது,
பார்க்காமல் குடித்தாள்.

இன்னொரு கால் சுற்று? என்றேன்.
"மரத்துக்குச் சேதி போய்ச் சேர
ஒரு ராத்திரி ஆகும். நாளைக்கு வாங்க."

மறுநாள் மீட்டரில் முள் ஆடியது.
வெறும் கம்பி சரி.
பன்னிரண்டாம் கட்டம் சரி.
மூன்றாம் கட்டம் மட்டும் மயிரிழை தூக்கல்.
அதையும் சரி பண்ணு என்றேன்.
"முடியாது. எந்தக் கிட்டாரும் முழுசாச் சுருதி சேராது.
இருக்கிற பிழையை எல்லாக் கட்டத்துக்கும்
கொஞ்சம் கொஞ்சமாப் பங்கு வைக்கிறோம்,
எங்கேயும் உறுத்தாதபடிக்கு."

பழுது என்றால்
ஓரிடத்தில் இருக்கும்,
ஏணி வைத்தால் கைக்கு எட்டும் என்றே
சம்பளம் வாங்கி வந்திருக்கிறேன்.
பஸ்ஸில் வரும்போது இரண்டு நிறுத்தம் தவறவிட்டேன்.

வீட்டில் ஆம்ப்பைப் போட்டால் ஒரு முனகல்.
கம்பியில் கை வைத்ததும் அடங்கியது.
எடுத்தால் மறுபடி.
நான்தான் இதற்கு எர்த் என்று
ஒரு வாரம் பெருமையாய் இருந்தது.
பிறகு வேலைபார்க்கும் மூளை விழித்துக்கொண்டது:
சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலை
ஏந்திக்கொண்டிருந்தது என் உடம்பு.
கம்பிதான் என்னை எர்த் செய்தது.

கை காய்த்தவள்தான்,
ஆனால் காய்ப்பு தப்பான இடத்தில்.
விரல் நுனிகள் பச்சைப்பிள்ளை.
ஆட்காட்டி விரலால் ஆறையும் அழுத்தினால்
நான்கு பேசும், இரண்டு இருமும்.
கீழ்வீட்டு கான்சோரிக் கரண்டியால் குழாயைத் தட்டுவான்.
அவன் தாளம் என்னுடையதைவிடச் சுத்தம்.

தை முடியும்போது ஷினெபாயர் கேட்டிருந்தான்:
கிட்டார் இருக்கா அக்கா?
விற்றாயிற்று என்று பதில் போட்டேன்
இடது கை வலிக்க வலிக்க, வலது கையால்.

நேற்று இரவு பத்து நாற்பது.
டோன் குமிழை முழுக்கத் திறந்து
ஒரே ஒரு சுரத்தை
அது சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
சாகும் முன்
ஆம்ப்பில் ஒரு சரசரப்பு, தீக்குச்சி கிழித்த மாதிரி.
ஜன்னலுக்கு வெளியே கடைசி டிராலிபஸ்
நீலப்பொறி கக்கித் திரும்பியது.

மூன்றாம் கம்பத்துக் கவ்வி தளர்ந்திருக்கிறது.
காலையில் பதிவேட்டில் எழுத வேண்டும்.
எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

பூனை சொன்னது.