நான்கு பொத்தான் கோட்டு

தலவாக்கலையில் மழை பிடித்தால்
என் கண்ணாடிக் கடைக்குச் சீசன்.
சுவர் ஈரத்தில் பூசணம் ஏறிய குடும்பங்களை
உரபேக்கில் சுற்றி
நெஞ்சோடு அணைத்து பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள்.
ஆணி கழற்றி அட்டையைப் பிரித்தால்
எல்லாப் படத்திலும் அதே கோட்டு.

அருளப்பன் ஸ்டூடியோவின் ஒரே கோட்டு.
குட்டைக்கும் நெட்டைக்கும் அதுதான்.
முதுகில் ஊசி குத்திச் சரிசெய்வாராம்,
அதனால்தான் ஒருவரும் சிரிக்கவில்லை.
பின்னால் திரையில் வாத்துக் குளம், வெள்ளை மாடிப்படி.
லயத்துக்கு ஏது மாடி.
கீழே செருப்பில்லாத கால்களில்
அட்டை கடித்த புள்ளிகள்.

பொத்தானை எண்ணி வருஷம் சொல்வேன் நான்.
நான்கு என்றால் ஒப்பந்தத்துக்கு முந்தி:
மேல் டிவிசன் ராக்கப்பன் கங்காணி,
பக்கத்தில் வெற்றிலைச் சிவப்பு கறுப்பாய் விழுந்த வாயோடு மனைவி.
மூன்று, பாஸ்போட் காலம்.
இரண்டு, பாண் கியூ வருஷத்து மாப்பிள்ளைகள்,
கன்னம் ஒட்டி, கோட்டுக்குள் ஆளைத் தேட வேண்டும்.
ஒற்றைப் பொத்தானில் தபால் பியோன் செபமாலை;
மற்ற மூன்றின் இடத்தைப்
புது ரேடியோவால் மறைத்துப் பிடித்திருக்கிறார்.
எண்பத்து மூன்று ஆடிக்குப் பிறகு கோட்டு இல்லை.
அந்த இடத்தில் இப்போது
ரீலோட் போடும் கடை.

போன கிழமை தவமலர் வந்தாள்.
ஏழு பேர் நிற்கும் படம்.
மூன்றாவது ஆளுக்கு முகம் இல்லை, சதுர ஓட்டை.
"அத்தை. பாஸ்போட் அப்ளிகேசனுக்கு வெட்டி ஒட்டினதாம்.
தனிப்படம் எடுக்கக் காசில்ல.
கோச்சி ஏறிப் போனவங்க
மண்டபத்திலயிருந்து ஒரு கடுதாசி போட்டாங்க. அதோட சரி.
ஓட்டைய அடைச்சுத் தாங்க."

கம்ப்யூட்டரில் முடியும், என் மகன் செய்வான்,
பக்கத்தில் நிற்கும் சின்ன அத்தை முகத்தை எடுத்து.
சொன்னேன்.
"அவங்க மாதிரியே இருப்பாங்களா?"
தெரியாது என்றேன்.
"அப்ப வேணாம்."

அட்டையை எடுக்கும்போதுதான் பார்த்தேன்,
பின்னால் ஒட்டியிருந்தது ஒரு பழைய கலண்டர் தாள்.
இத்தனை வருஷம் அந்த உடம்புக்கு முகமாய் இருந்தது
ஒரு செவ்வாய்க்கிழமை.

வெள்ளை அட்டை வைத்தேன்.
கோட்டுப் போட்ட தகப்பனின் கை
இன்னும் அவள் தோளில்.
வெட்டியவர் யாரோ,
மூன்று மூலை நேர் கோடு;
நாலாவது மூலையில் மட்டும் பிளேடு
விரல்களைச் சுற்றி வளைந்து போயிருக்கிறது.

சட்டம், கண்ணாடி, கூலி எண்ணூற்றைம்பது.
ஐம்பதைக் குறைத்தேன்.

பழக்கத்தில் பொத்தானை எண்ணினேன்.
பாஸ்போட் காலத்துக்கு மூன்று இருக்க வேண்டும்.
இரண்டுதான்.
வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தேன், இரண்டுதான்,
நூல் மட்டும் தொங்குகிறது.
என் கணக்குப் பிழையாயிருக்கலாம்.
அல்லது மூன்றாவதை
அவள் கையில் வைத்திருக்கலாம்,
அந்த மூடிய இடது கையில்.